சுறா இளவரசனுக்கு ஒரு வாய்க்கட்டு

ஏழு கடல், ஏழு மலை என்று அலைய வேண்டியதில்லை. தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து கரையோரமாகத் தெற்கே நடந்தால், மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றும் இடத்தில் ஓர் இறால் கம்பெனி இருந்தது. புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. கப்பல் வரப்போகிறது, ஊர் சிங்கப்பூராகப் போகிறது என்று டீக்கடைக்கு டீக்கடை பேச்சாக இருந்தது. அந்தக் கம்பெனியில் இறால் தலை கிள்ளிக்கொண்டிருந்த இசபெல்லாவுக்கு இப்படிப் பேசுகிறவர்களைக் கண்டாலே எரிச்சல்.

பொதுவாகவே வாய் நீளமான ஆண்களை அவளுக்கு ஆகாது. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் அந்த ஜாதி. ஒருத்தன் தோணியில் கொழும்புக்குப் போன கதையை ஆரம்பித்தான். தோணி கொழும்பைத் தொடுவதற்குள் காப்பி ஆறி, ஆடை படிந்து, அதில் ஒரு ஈ விழுந்து உயிரையும் விட்டது. இன்னொருத்தன் தன் மீசையைப் பற்றி மட்டும் பேசினான். மீசைக்கே தாங்காத அளவு பேசினான்.

இசபெல்லாவின் அப்பா சந்தியாகு ஒரு கடல்கட்டி. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், குளியாளிகள் கடலில் இறங்குமுன் கரையில் நின்று மந்திரம் சொல்லிச் சுறாக்களின் வாயைக் கட்டுவது அவர் வேலை. காலையில் மந்திரத்தைச் சொல்லித் துண்டின் நுனியில் ஒரு முடிச்சுப் போடுவார். பொழுது சாயுமுன் அதை அவிழ்ப்பார். சுறா கடிக்காவிட்டால் அது மந்திரத்தின் மகிமை, கடித்துவிட்டால் குளியாளியின் பாவம் என்பதால், தோல்வி என்பதே அறியாத தொழில் அது. பிறகு முத்துக்குளிப்பு நின்றது. வாயைக் கட்டச் சுறா இல்லாமல் சும்மா இருந்த மனிதர், கடைசியில் தன் வாயையும் மூடிக்கொண்டார். போகுமுன் மந்திரத்தை மட்டும் மகளிடம் சொல்லிவைத்தார். கொடுப்பதற்கு வேறு சொத்து இல்லை.

ஒருநாள் கம்பெனிக்கு இறால் வரத்து இல்லை. முந்தின நாள் தலைகளைக் கடலில் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று விடிந்தும் விடியாததுமாக இசபெல்லா கூடையோடு கரைக்கு வந்தாள். கொட்டினாள். வழக்கம்போலக் காக்கைகளை நாலு வார்த்தை ஏசினாள். அப்போது அலைக்குள்ளிருந்து ஒருவன் எழுந்து வந்தான்.

வாட்டசாட்டமான ஆள். பட்டு ஜிப்பா, சரிகை வேட்டி. தோல் மட்டும் லேசாகச் சாம்பல் பூத்து, வெளிச்சம் பட்ட இடத்தில் பளபளத்தது. ஜிப்பாப் பையிலிருந்து ஒரு நண்டு கண்களை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் கரையில் கால் வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடையில் நிற்பவனைப் போல ஒரு கையை வானத்துக்கு உயர்த்தினான்.

"முக்கடல் முழங்கும் பேரரசின் முடிக்குரியவனும், பவளக் குன்றுகளின் பாதுகாவலனும், அலைகள் அஞ்சும் அஞ்சாநெஞ்சனும், ஆழ்கடல் அன்னையின் அருந்தவப் புதல்வனும், பாற்சுறாக் குலத்தின் பகலவனுமாகிய மகரன் என்னும் நான், நாள் தவறாமல் எனக்கு விருந்து அனுப்பி என் நெஞ்சைக் கொள்ளைகொண்ட கரையோரத்துக் கன்னியே, உன்னிடம் கூற வந்திருப்பது யாதெனில், அதாவது, அதற்கு முன்னர் என் பாட்டனாரைப் பற்றிச் சிறிது..."

இசபெல்லா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு முடிந்தமட்டும் பொறுத்துப் பார்த்தாள். பாட்டனார் முடிந்து பாட்டனாரின் பாட்டனார் வந்தார். வெயில் ஏறியது. வாக்கியம் முடிகிற பாடாக இல்லை. கோபத்தில் என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல், அப்பா சொல்லிக்கொடுத்த மந்திரத்தை முணுமுணுத்துத் தாவணி நுனியில் ஒரு முடிச்சைப் போட்டாள்.

பேச்சு நின்றது. பூட்டுப் போட்டதுபோல அவன் உதடுகள் ஒட்டிக்கொண்டன. உயர்த்திய கை மட்டும் இன்னும் வானத்திலேயே இருந்தது.

இதே மந்திரத்தை மீசைக்காரன் மேலும் கொழும்புக்காரன் மேலும் அவள் போட்டுப் பார்த்திருக்கிறாள். எடுபடவில்லை. கடலில் பிறந்த சுறாவுக்குத்தான் அது கேட்கும். கரையில் திரிகிற சுறாக்களுக்குக் கேட்காது. ஆகவே எதிரே நிற்பது யார் என்று அவளுக்குப் புரிந்தது. கூடையை முன்னால் பிடித்தபடி இரண்டடி பின்வாங்கினாள்.

பையிலிருந்த நண்டு இறங்கி வந்தது. கடலரசின் திவான் அவர். எந்த விஷயத்துக்கும் நேராக வருவது அவர் வம்சத்தில் யாருக்கும் பழக்கமில்லை என்பதால், வானிலை, கடல் நீரோட்டம், இறால்கள் தம் தூரத்து உறவு என்பதால் தமக்கு ஏற்பட்டிருக்கும் மனவருத்தம் எல்லாவற்றையும் சுற்றிவிட்டுத்தான் செய்தியைச் சொன்னார். ராஜ வம்சத்துச் சுறாக்களுக்குக் காதல் முற்றினால் கால் முளைக்கும். இவள் கொட்டிய இறால் தலைகளைக் காதல் காணிக்கை என்று நம்பிய இளவரசருக்கு அப்படித்தான் முளைத்தது. உடுப்பு, கரையில் வண்ணார் உலர்த்தியிருந்த கொடியிலிருந்து திவானே தேர்ந்தெடுத்தது. இப்போது வாயைக் கட்டியாகிவிட்டது. கட்டினவள் பொழுது சாயுமுன் அவிழ்க்காவிட்டால் கட்டுப்பட்டவர் உப்பாகிவிடுவார்.

"உப்பாவா?"

"உப்பாகத்தான். பழைய காலத்தில் சில கடல்கட்டிகள் மறந்து தூங்கிப்போனதுண்டு" என்றார் திவான்.

தூத்துக்குடியில் இத்தனை உப்பளங்கள் எப்படி வந்தன என்பதைப் பற்றி இதற்கு மேல் பேசாமலிருப்பது நல்லது.

இசபெல்லா உடனே முடிச்சில் கை வைத்தாள். அசையவில்லை. நகத்தால் நெம்பினாள், பல்லால் கடித்தாள். அவிழ்க்கும் மந்திரத்தை முன்னும் பின்னுமாகச் சொன்னாள். முடிச்சு கல்லாக இருந்தது.

"மந்திரம் சும்மா அலங்காரம்" என்றார் திவான். "அவர் வாய் திறக்க வேண்டும் என்று நீ மனசார ஆசைப்பட வேண்டும். உன் அப்பா தினமும் பட்டார்."

"எங்க அப்பா எதுக்குச் சுறா வாய் தொறக்கணும்னு ஆசைப்படணும்?"

"சுறா வாயைத் திறந்தால்தானே மறுநாள் அவருக்கு வேலை."

அவளுக்குச் சிக்கல் விளங்கியது. கண்ணுக்கு அழகான ஒரு வாலிபன், வாயைத் திறக்காமல், அவளையே பார்த்துக்கொண்டு எதிரே நிற்கிறான். மாதாவிடம் அவள் நவநாள் தவறாமல் கேட்டதே இதைத்தான். அவன் சாகக் கூடாது என்று மனசார வேண்டினாள். முடிச்சு அசையவில்லை. அவன் சாகக் கூடாது என்பது வேறு, அவன் பேச வேண்டும் என்பது வேறு. முடிச்சு இரண்டாவதைத்தான் கேட்டது. அங்கேதான் பாட்டனாரின் பாட்டனார் குறுக்கே நின்றார்.

வேறு வழி தெரியாமல் அவனை வீட்டுக்குக் கூட்டிப் போனாள். கப்பலில் வந்தவர், பேச்சு வராது என்று அம்மா மதலேனம்மாளிடம் சொல்லிவைத்தாள். அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். பேச்சு வராது என்ற சொல்லைக் கேட்டதும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது.

"ஏளா, இந்த மாதிரி மாப்பிள்ளை அமையக் குடுத்து வைக்கணும்ளா. உங்க அப்பாவும் இருந்தாரே, தூங்கும்போதும் பேசிக்கிட்டு."

பிறகு பையிலிருந்த நண்டைப் பார்த்துவிட்டாள். வெறுங்கையோடு வராமல் குழம்புக்கு ஒரு நண்டாவது கொண்டுவந்திருக்கிறாரே என்று மெச்சிக்கொண்டு கையை நீட்டினாள். திவான் தம் வாழ்நாளில் முதன்முறையாக நேராக ஓடினார்.

அன்றைக்கென்று குசினியில் சுறாப்புட்டு. அதுவும் பால்சுறா. மதலேனம்மாள் தட்டு நிறைய வைத்து, மேலே தேங்காய்ப்பூ தூவி, விருந்தாளியின் முன் வைத்தாள். மகரன் தட்டைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அலமாரிக்கு மேலே ஏறி நின்ற திவான், சித்தப்பாவின் சாயல் தெரிவதாக மெல்லிய குரலில் சொன்னார். வாய் கட்டுப்பட்டிருந்ததற்காக அன்று முழுவதும் மகரன் நன்றியோடு இருந்த ஒரே நிமிடம் அதுதான். இசபெல்லா தட்டைச் சட்டென்று எடுத்துவிட்டாள். அவருக்கு வயிறு சரியில்லை என்றாள். அப்படிச் சொல்லும்போதே, இவனுக்குப் பசிக்குமே என்று ஒரு சின்ன முள் மனசில் தைத்தது.

மத்தியானம் அவன் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துக் கொடுத்தான். அவன் கை பட்ட தண்ணீரெல்லாம் கடல்நீராக மாறிக்கொண்டிருந்தது. அந்தக் கிணற்றுத் தண்ணீர் முன்பே அந்த ருசிதான் என்பதால் வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அவள் வலை பின்ன உட்கார்ந்தபோது எதிரே உட்கார்ந்து நூலைப் பிடித்தான். அவள் பேசினாள். முதலில் சும்மா பேசினாள், பிறகு நிறுத்த முடியாமல் பேசினாள். கம்பெனி மேஸ்திரி மாசானம் ஈர விரலால் தராசை அழுத்தி எடையைக் குறைப்பதைச் சொன்னாள். அப்பா செத்தபோது அழுகை வராமல் அடுப்பு ஊதிப் புகையில் அழுததைச் சொன்னாள். புதுத் துறைமுகம் வந்தால் கப்பலில் ஏறி எங்கேயாவது போய், அங்கே இறால் இருக்கிறதா என்று முதலில் விசாரித்து, இருந்தால் அடுத்த ஊருக்குப் போய்விடுவேன் என்றாள். அவன் சிரிக்க வேண்டிய இடத்தில் கண்ணால் சிரித்தான். மேஸ்திரி வந்த இடத்தில் மூக்கு விடைத்தது. அவள் இடையிடையே முடிச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எப்படி அவிழும்? அவன் பேசாமலிருப்பது எவ்வளவு சுகம் என்று ஒவ்வொரு நிமிடமும் கூடுதலாகத் தெரிந்துகொண்டிருந்தாள்.

சாயங்காலம் அவன் விரல் நுனிகள் வெளுக்கத் தொடங்கின. அவள் தொட்டுப் பார்த்தாள். பொரபொரவென்று உதிர்ந்தது. நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

கடலுக்குள் இறக்கினாலாவது பிழைப்பானா என்று திவானைக் கேட்டாள். உப்பைத் தண்ணீருக்குள் போட்டால் என்ன ஆகும் என்று அவர் திருப்பிக் கேட்டார். கடலிடமே போய் முறையிட்டால் ஒருவேளை அதன் மனசு இளகுமோ என்று நினைத்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடினாள். தெருமுனையில் வெள்ளத்துரை நின்றார்.

வெள்ளத்துரை அண்ணாச்சி உப்பள முதலாளி, வட்டத்துப் பெரும்புள்ளி. அன்று அந்தத் தெருவின் குடிநீர்க் குழாய்த் திறப்பு விழா. குழாய் ஒன்று, பேச்சாளர்கள் ஒன்பது பேர். குழாய்க்குப் பட்டுத் துணி போர்த்தியிருந்தார்கள். பக்கத்தில் வெள்ளத்துரையின் பெயர் பொறித்த சலவைக்கல். குழாய்க்குள் தண்ணீர் வருமா என்பதை யாரும் கேட்கவில்லை. அது விழாவின் பகுதி அல்ல. மெட்ராஸிலிருந்து வர வேண்டிய சிறப்பு விருந்தினர் மட்டும் வந்து சேரவில்லை. அந்தச் சமயத்தில் பட்டு ஜிப்பாவில், சரிகை வேட்டியில், வாயைத் திறக்காத கம்பீரத்தோடு ஒருவன் வருவதைக் கண்டார். ஜிப்பா எங்கேயோ பார்த்ததுபோல இருந்தது. நம்ம தையற்காரன்தான் இவருக்கும் போலிருக்கிறது என்று மரியாதை இன்னும் கூடியது. அது அவருடைய ஜிப்பாவேதான்.

மறுவார்த்தைக்கு இடமில்லை. மாலை விழுந்தது, மேளம் கொட்டியது, மகரன் மேடையின் நடு நாற்காலியில் இருந்தான். இசபெல்லா மேடையேறப் போனாள். தொண்டர்கள், "பெண்கள் பகுதி அங்கன இருக்கு" என்று கயிற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். கடல் ஒரு கூப்பிடு தூரத்தில் இருந்தது. சூரியன் உப்பளப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது.

பேச்சாளர்கள் பேசினார்கள். ஒவ்வொருவரும் நேரம் குறைவு என்று சொல்லிவிட்டு அந்தக் குறைவைப் பற்றி நிறையப் பேசினார்கள். மகரனின் முழங்கை வரை வெள்ளை ஏறியது. பவுடர் போட்டு வந்திருக்காரு, பெரிய இடம் என்று பெண்கள் பகுதியில் பேசிக்கொண்டார்கள். கடைசியாக வெள்ளத்துரை மைக்கைப் பிடித்தார். பிடித்தார் என்றால், மூழ்குகிறவன் கட்டையைப் பிடிக்கிற பிடி. தாம் பிறந்தது, வளர்ந்தது, குழாயைக் கனவில் கண்டது எல்லாம் சொன்னார். இசபெல்லா அவர்மேலும் வாய்க்கட்டு மந்திரத்தைப் போட்டுப் பார்த்தாள். அவர் குரல் இன்னும் கொஞ்சம் கூடியது.

"நமது சிறப்பு விருந்தினர் அதிகம் பேசாதவர்" என்றார் வெள்ளத்துரை. "ஆனால் அவர் உள்ளத்தில் ஓடுவதை நான் அறிவேன். அவர் சார்பில் நானே சொல்கிறேன். வெள்ளத்துரை போன்ற ஒரு தலைவர் கிடைக்க இந்த ஊர் என்ன தவம் செய்ததோ என்றுதான் இவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்."

கைதட்டல். மகரன் இல்லை என்று தலையை ஆட்ட முயன்றான். கழுத்து வரை உப்பு ஏறியிருந்ததால் தலை மேலும் கீழுமாகத்தான் போயிற்று. இன்னும் பலத்த கைதட்டல்.

இசபெல்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் அதை நினைக்கவே மாட்டான். இந்த ஆளுக்கு என்ன தெரியும்? அந்த நினைப்பு பாதியில் தட்டி நின்றது. அவளுக்குத்தான் என்ன தெரியும்? நாள் முழுக்க அவனிடம் தன் பாட்டையே பாடியிருக்கிறாள். அவனுக்கு எந்த மீன் பிடிக்கும், அப்பா அம்மா உண்டா, கால் முளைத்தபோது வலித்ததா, ஒன்றும் தெரியாது. அவன் மூக்கு விடைத்தது மேஸ்திரி மேல் கோபத்திலா, தும்மல் வந்தா, அதுவும் தெரியாது. அவனுடைய மௌனத்துக்குள் தனக்கு வேண்டியதை அவளும்தான் நிரப்பி வைத்திருந்தாள். வெள்ளத்துரை மைக் வைத்துச் செய்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

கயிற்றைத் தாண்டினாள். தொண்டர்கள் தடுத்த கைகளுக்குக் கீழே குனிந்து மேடையேறினாள்.

"அவருக்குப் பதிலா நீங்க ஏன் அண்ணாச்சி பேசுதீய? அவரு வாயி அங்கனதான இருக்கு."

வெள்ளத்துரை பொது வாழ்வில் முதல் தடவையாக அடுத்த சொல் கிடைக்காமல் நின்றார். அவள் மகரனின் எதிரே போய் நின்றாள். அவன் கன்னம் வரை வெள்ளையாக இருந்தது. கண் மட்டும் இன்னும் ஈரமாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"காலையில என்னமோ சொல்ல வந்தியே, நான்தான் பொறுமையில்லாம கெடுத்துட்டேன். உங்க தாத்தாவைப் பத்தியும் சொல்லு, அவங்க தாத்தாவைப் பத்தியும் சொல்லு. எவ்வளவு நேரமானாலும் சரி. நான் கேக்கேன். முடிவுல என்ன சொல்ல வந்தன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

தாவணி நுனியில் முடிச்சு தானாகக் கழன்று விழுந்தது. அவன் மேலிருந்த உப்பெல்லாம் ஒரே உதறலில் உதிர்ந்து, நாற்காலியைச் சுற்றிக் குவிந்தது. மேடையில் உப்பள முதலாளிக்கு இப்படியொரு மரியாதையா என்று கூட்டம் எழுந்து நின்றது. மகரன் வாயைத் திறந்தான். பாட்டனார் வரப்போகிறார் என்று, ஜிப்பாப் பைக்குத் திரும்பியிருந்த திவான் கண்களை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"பசிக்குது" என்றான் மகரன்.

அவள் சிரித்துவிட்டாள். அவன் குரல் தாழ்ந்து, கொஞ்சம் கரகரத்து, காலையில் கேட்ட மேடைக் குரலாக இல்லை. பகல் முழுக்க அவள் பேச்சைக் கேட்டதில் அவள் ஊர்ப் பேச்சு அவன் நாக்கில் ஒட்டியிருந்தது.

"அந்த மேஸ்திரி மாசானத்தை ஒரு கடி கடிச்சிட்டு வந்திரட்டா?"

"வேண்டாம். முடிவைச் சொல்லு."

"இறால் தலை நல்லாருந்துச்சு. ஆனா அதுக்காக வரல. நீ காக்காயை ஏசுவல்லா, அதைக் கேக்கத்தான் தெனமும் கரைக்கு வந்தேன். பக்கத்துல இருந்து கேக்கலாமான்னு கேக்க வந்தேன்."

காலையில் அத்தனை பட்டங்களைச் சுமந்துகொண்டு அவன் சொல்ல வந்தது இவ்வளவுதான். இசபெல்லா தாவணி நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். கேட்டுக்கோ என்றாள்.

இதற்குள் வெள்ளத்துரைக்குச் சொல் திரும்பக் கிடைத்திருந்தது. இந்த உணர்ச்சிமிகு வேளையில் என்று மைக்கில் ஆரம்பித்தார். காலையிலிருந்து பட்டினியாயிருந்த மகரன் எட்டி மைக்கை ஒரே கடியில் கடித்தான். கழுத்தோடு போயிற்று. மென்று பார்த்து, ருசியில்லை என்று முகம் சுளித்தான். பேச்சு நின்ற நிம்மதியில் கூட்டம் அதுவரை தட்டாத ஒரு கைதட்டல் தட்டியது.

விழாவை எப்படியாவது முடிக்க வேண்டுமே என்று யாரோ மகரனின் கையைக் குழாயில் வைத்தார்கள். அவன் திறந்தான். குழாய் முதலில் ஏப்பம் விட்டது. பிறகு கொட்டியது. அவன் கை பட்ட குழாயில் கடல்நீர்தான் வரும், அது வந்தது. கூடவே சாளை மீனும் வந்தது. துள்ளத் துள்ள, குடம் குடமாக. குடிதண்ணீருக்கு வரிசையில் நின்ற பெண்கள் ஒரு கணம் திகைத்தார்கள், பிறகு குடத்தை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடிப் பெரிய அண்டாவாக எடுத்து வந்தார்கள். மதலேனம்மாள் முதல் ஆளாக நின்றாள். ஓடி வந்து விழுந்ததை மகரன் பச்சையாகவே நாலு வாய் தின்றான். சாளை எந்த வகையிலும் உறவில்லை என்று திவான் உறுதி சொல்லியிருந்தார்.

அடுத்த தேர்தலில் வெள்ளத்துரை வீடுதோறும் மீன் தந்த வள்ளல் என்று சுவரெல்லாம் எழுதினார்கள். தண்ணீர் என்னவாயிற்று என்று அப்போதும் யாரும் கேட்கவில்லை. ஜிப்பாவை மட்டும் அவர் திரும்பக் கேட்டனுப்பினார். துவைத்துக் கொடுத்தார்கள். மீன் வாடை போகவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் மகரனுக்கு ஞானஸ்நானம் நடந்தது. தொட்டித் தண்ணீர் எப்படி இப்படிக் கரிக்கிறது என்று சாமியார், கோயிலில் எடுபிடி வேலை பார்க்கும் கோயில்குட்டியைக் கூப்பிட்டு ஏசினார். புதுத் துறைமுகத்தில் மகரனுக்கு நீருக்கடியில் கல் அடுக்கும் வேலை கிடைத்தது. அவன் மூச்சு விட மேலே வருவதே இல்லை என்பதை மேற்பார்வையாளர் கவனித்தார். ஆனால் வேலை சீக்கிரம் முடிகிறது என்பதையும் கவனித்ததால் வாயைத் திறக்கவில்லை.

பழைய புத்தி முழுக்கப் போய்விட்டதாகச் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது யாராவது கேட்க ஆளிருந்தால் பாட்டனார் தலைகாட்டிவிடுவார். அப்படி மிஞ்சிப்போகிற நாளில் இசபெல்லா புடவை நுனியில் ஒரு முடிச்சைப் போடுவாள். மத்தியானம் வரை வீடு அமைதியாக இருக்கும். வெயில் தாழ்ந்ததும் அவளுக்கு என்னமோ போலிருக்கும். குசினியில் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாக வைப்பாள். பிறகு வெளியே வந்து அவன் பக்கத்தில் உட்காருவாள்.

"சரி, சொல்லித் தொலை. அந்தத் தாத்தா அப்புறம் என்னதான் பண்ணினாரு?"

இதுவரை ஒருநாளும் முடிச்சு அவிழாமல் போனதில்லை. அந்த வீட்டில் உப்பு மட்டும் கடையில்தான் வாங்குகிறார்கள்.